தான்சானியாவுக்குத் தன்னார்வலராகப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 முதல் 2024 வரை தான்சானியாவின் தெற்குக் கடற்கரையில், லிண்டி வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலராக இருந்தேன். எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். திரும்பி வந்த நாளிலிருந்து, போகத் துடிக்கும் இளையவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மாக்களும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் புறப்படும் முன் படித்த கையேடுகள் எல்லாம் ஐரோப்பியரை மனத்தில் வைத்து எழுதியவை. கையால் சாப்பிடுவது எப்படி, குந்தி உட்காரும் கழிப்பறையைச் சமாளிப்பது எப்படி, வாளித் தண்ணீரில் மொண்டு குளிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாகப் பாடம் நடத்துகிறார்கள். நமக்கு அதெல்லாம் பிறந்த வீட்டுச் சமாசாரம். நாம் இடறுகிற இடங்கள் வேறு.

போனதும் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

நலம் விசாரிக்க. வேறெல்லாம் பிறகு.

நாம் தெரிந்தவரைப் பார்த்தால் “என்ன, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவோம். அங்கே அது போதாது. காலை எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் “ன்ஸூரி”, அதாவது நலம், என்று பதில் சொல்ல வேண்டும். வீட்டில் கூரை ஒழுகினாலும் “ன்ஸூரி”தான். கூரையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். முதல் வாரம் அஞ்சல் நிலையத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் நேராக “இரண்டு அஞ்சல்தலை வேண்டும்” என்றேன். உள்ளே இருந்த அம்மாள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஹபாரி ஸா அஸுபுஹி?” என்றார். காலை எப்படி இருக்கிறது என்று பொருள். நான் பதில் சொல்லி, அவருடைய காலையை விசாரித்து முடித்த பிறகுதான் அஞ்சல்தலை வந்தது. கோபமே இல்லை, ஒரு பிள்ளைக்கு மரியாதை சொல்லிக்கொடுக்கிற முகம்.

வயதில் மூத்தவருக்கு “ஷிகமோ” என்று சொல்ல வேண்டும். அவர் “மரஹபா” என்று ஏற்றுக்கொள்வார். ஷிகமோ என்பது ‘உங்கள் காலைப் பிடிக்கிறேன்’ என்ற சொற்றொடரிலிருந்து வந்தது என்பார்கள். பெரியவர் காலில் விழுந்து எழுந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டுவதைவிட “ஹோடி” என்று குரல் கொடுப்பது நல்லது. “கரிபு” என்று உள்ளிருந்து பதில் வந்தால் நுழையலாம். மூன்று முறை குரல் கொடுத்தும் பதில் இல்லையென்றால் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

அங்கே பேசும் சுவாஹிலி மொழி கடினமா?

தமிழருக்கு இல்லை. எழுதியபடியே படிக்கிறார்கள். ம்ப, ண்ட, ங்க போன்ற ஒலிகள் எங்கும் கிடக்கின்றன. நம் அரிச்சுவடியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ‘ங’வுக்கு அங்கே நல்ல பிழைப்பு: மாட்டுக்கு ‘ஙோம்பே’ என்று பெயர். என்னுடன் பயிற்சியில் இருந்த ஐரோப்பியர்கள் அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் வாயைக் கோணினார்கள். வீட்டுக்கு ‘ஞும்பா’, இறைச்சிக்கு ‘ஞாமா’.

சிரமம் உறவுப் பெயர்களில்தான், அதுவும் காதுக்கு மட்டும். அம்மா என்றால் ‘மாமா’. அக்கா ‘டாடா’. அண்ணன் ‘காகா’. குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணை ஊரே “மாமா, மாமா” என்று கூப்பிடும்போது முதல் மாதம் சிரிப்பை அடக்க முடியாது. மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு ‘போடாபோடா’ என்று பெயர். நடுத்தெருவில் நின்று முன்பின் தெரியாத ஆளைப் பார்த்து அப்படிக் கத்த எனக்குப் பத்து நாள் நா எழவில்லை.

காது பழகிய பிறகு தெரியும், அந்த உறவுமுறை நம்முடையதேதான் என்று. அப்பாவின் தம்பி ‘பாபா ம்டோகோ’, சொல்லுக்குச் சொல் சின்ன அப்பா, நம் சித்தப்பா. அப்பாவின் அண்ணன் ‘பாபா ம்குப்வா’, பெரிய அப்பா. சித்தியும் பெரியம்மாவும் அப்படியே. அத்தை ‘ஷங்காஸி’, தாய்மாமன் ‘ம்ஜோம்பா’. இவர்கள் எல்லோரையும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று இரண்டு சொல்லில் அடைக்கும் ஆங்கிலத்தின் வழியே சுவாஹிலி படிப்பதுபோல் வீண் சுற்று வேறில்லை. நான் இரண்டாம் மாதமே ஆங்கிலக் குறிப்பேட்டை மூடிவிட்டுத் தமிழில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன்.

நேரத்தைக் கேட்டால் ஆறு மணி நேரம் தவறுகிறதே, ஏன்?

தவறு உங்கள் பக்கம்தான். அவர்களுடைய நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, விடியும்போது தொடங்குகிறது. காலை ஏழு மணி ‘ஸா மோஜா’, அதாவது ஒரு மணி. எட்டு மணி, இரண்டு. நண்பகல், ஆறு. பொழுது சாய்ந்து ஏழு மணிக்கு மறுபடி ஒன்றிலிருந்து. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவதால் இந்தக் கணக்கு பிசகுவதில்லை. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நாம் இதை வேடிக்கை என்று சொல்லக் கூடாது. பஸ் டிக்கெட்டில் எழுதியிருக்கும் மணி எந்தக் கணக்கு என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுங்கள். ‘பன்னிரண்டு மணி’ பஸ் விடியற்காலை ஆறுக்குப் போய்விடும். நீங்கள் நண்பகலில் பெட்டியோடு நிற்பீர்கள். நான் நின்றிருக்கிறேன்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? அரிசி கிடைக்குமா?

எல்லா அம்மாக்களும் கேட்பது இதுதான். அரிசி தாராளமாகக் கிடைக்கும். நெல்லுக்கு ‘ம்புங்கா’, அரிசிக்கு ‘ம்ச்செலே’, சோற்றுக்கு ‘வாலி’ என்று மூன்று தனிச்சொல் வைத்திருக்கும் ஊரில் நீங்கள் பட்டினி கிடக்க மாட்டீர்கள். கடற்கரையில் சோற்றைத் தேங்காய்ப்பால் விட்டு ஆக்குவார்கள்.

ஆனால் நாள்தோறும் தட்டில் விழுவது உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டி மரக்கரண்டியால் கிண்டிக் கிண்டி இறக்கும் களி. நம் கேழ்வரகுக் களியைப்போல் இதை அப்படியே விழுங்க முடியாது. ஒரு விள்ளல் எடுத்து உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி செய்து, அந்தக் குழியில் கீரையையோ அவரைக் குழம்பையோ அள்ளி உண்ண வேண்டும். கீரைக்கு ‘ம்சிச்சா’ என்று பெயர். பார்த்தால் நம் தண்டுக்கீரையின் தங்கை. என் குறை ஒன்றே ஒன்று: புளிப்பு இல்லை, உறைப்பும் இல்லை. மிளகாய் தனியாகத்தான் வரும். மூன்றாம் வாரம் ஒரு ரசத்துக்காக நான் எதையும் எழுதிக் கொடுத்திருப்பேன். பிறகு சந்தையில் ‘உக்வாஜு’ என்று ஒரு பாட்டி குவித்து வைத்திருந்ததை முகர்ந்து பார்த்தேன். புளி. அங்கே அதைச் சர்க்கரை போட்டுச் சாறாகக் குடிக்கிறார்கள். நான் ஒரு கிலோ வாங்கியதும் பாட்டிக்கு என் வயிற்றைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

துவரை அந்த மண்ணிலேயே விளைகிறது; பெயர் ‘ம்பாஸி’. முழுதாகத்தான் கிடைக்கும், உடைத்த பருப்பு பெரிய ஊர்களில் இந்தியக் கடைகளில். தேங்காய்ப்பாலில் வெந்த ம்பாஸியும் எண்ணெயில் பொரித்த மாண்டாஸி ரொட்டியும் கடற்கரையின் காலைச் சாப்பாடு. இதை ஒருமுறை தின்றவர் இட்லியைக் கொஞ்ச நாள் மறப்பார். தேங்காய் துருவும் கருவிக்கு ‘ம்பூஸி’ என்று பெயர், ஆடு என்று அர்த்தம். சின்ன மணைமேல் உட்கார்ந்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல்வைத்த இரும்பில் மூடியைத் துருவுவது. என் ஆச்சி வீட்டுத் துருவுபலகைதான்! நான் கேட்காமலே உட்கார்ந்து ஒரு மூடியைத் துருவி முடித்ததும் அந்த வீட்டில் எனக்கு விருந்தாளிப் பட்டம் போய்விட்டது. அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் வேலை இருந்தது.

சைவம் என்றால்?

இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரும். கோழியும் வேண்டாம் என்றால் ‘டாகா’ எனப்படும் பொடிமீன் கருவாடு வரும். “காய்கறி மட்டும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருங்கள், இரண்டு வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். அவரையும் கீரையும் சோறும் எங்கும் உண்டு.

வெயில் தாங்குமா?

வெப்பமண்டலம் என்றதும் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். கத்திரி வெயிலில் திருநெல்வேலி பஸ் நிலையத்தில் நின்றவர் லிண்டி வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். தலைகீழாக இருப்பது மாதங்கள்தான்: டிசம்பரும் ஜனவரியும் புழுக்கம், ஜூனும் ஜூலையும் இதம். தெற்கில் மழை நவம்பர், டிசம்பரில் தொடங்கி ஏப்ரல், மே வரை. ஆனால் நாடு முழுவதும் கடற்கரை இல்லை. ன்ஜோம்பே, ம்பேயா போன்ற மேட்டுநிலங்களுக்கு உங்களை அனுப்பினால் ஜூலையில் ஊட்டிக்குளிர். என் தோழி ஒருத்தி ஆறு பருத்திப் புடவையோடு ன்ஜோம்பேயில் போய் இறங்கி, முதல் சம்பளத்தில் இரண்டு கம்பளி வாங்கினாள்.

மலேரியா பற்றி உண்மையைச் சொல்லுங்கள்.

எனக்கு ஒருமுறை வந்தது. ஒரு மாலை வகுப்பில் சுண்ணாம்புக்கட்டி கையில் கனத்தது. வீட்டுக்கு வந்து படுத்ததும் முழங்கால் முட்டி இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம். நம்மூர்ப் பழக்கத்தில், “ஒரு பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம்” என்று இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்கவில்லை. பஜாஜியில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். (ஆட்டோவுக்கு அங்கே பெயர் பஜாஜிதான்.) விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்தில் பட்டையில் இரண்டு கோடு. ஆர்ட்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரை, வேளைக்கு நான்கு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாள். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் மருந்து நன்றாக உடலில் சேரும் என்று நர்ஸ் நிலக்கடலை தின்னச் சொன்னார்.

அந்தப் பெரியம்மாவின் அவசரம் சரியானது. சென்னையில் வழக்கமாகக் காணும் மலேரியா வைவாக்ஸ் வகை. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம். அது ஓரிரு நாளில் மூளைவரை போகக் கூடியது. ஆகவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே பரிசோதனை, தள்ளிப்போடக் கூடாது. அனோஃபிலிஸ் கொசு இரவில்தான் கடிக்கும் என்பதால் மருந்து தோய்த்த வலைக்குள் தூங்குவது பாதி வேலையை முடித்துவிடும். வலையின் விளிம்பைப் படுக்கைக்கு அடியில் செருகுங்கள். காலோ கையோ வலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். தடுப்பு மாத்திரைகளில் தினம் போடுவது உண்டு, வாரம் ஒன்று போடுவதும் உண்டு. உங்களுக்கு எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், புறப்படும் முன்பே.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. ஊர் திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் “ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் டெங்கு என்றே தேடிக்கொண்டிருப்பார்கள்.

உள்ளாடைக்குக்கூட இஸ்திரி போடுகிறார்களாமே?

ஆம், காரணத்தோடுதான். அங்கே ஒரு வகை ஈ, வெளியில் காயும் ஈரத்துணியில் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு பொரிந்து தோலுக்குள் புகுந்துகொள்ளும். கொப்புளம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது அசையும். சூடான இஸ்திரி முட்டையைக் கொன்றுவிடும். மின்சாரம் போகும் நாளுக்குக் கரிப் பெட்டி இருக்கிறது. நான் பன்னிரண்டு வயதில் விட்ட வித்தையை மறுபடி கற்றேன்.

ஏரி, குட்டைத் தண்ணீரில் இறங்க வேண்டாம். நத்தை வழியே பரவும் ‘கிச்சோச்சோ’ நோய் தோல் வழியாகவே உள்ளே போகும்.

மின்சாரம், தண்ணீர், பணம்?

சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரம் முன்பணம் கட்டும் ‘லூகு’ மீட்டரில் வரும்; செல்பேசியில் பணம் அனுப்பினால் 20 இலக்க எண் வரும், மீட்டரில் தட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையே நிரப்பி வையுங்கள். பிளக் இங்கிலாந்து வகை, சதுர முனை மூன்று. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். பணம் பெரும்பாலும் எம்-பெசா போன்ற செல்பேசிக் கணக்கில். தெருமுனைக்கு ஒரு முகவர் குடைபோட்டு உட்கார்ந்திருப்பார். ஷில்லிங்கில் சுழிகள் அதிகம். பயம் வேண்டாம், அங்கும் நூறாயிரத்துக்கு ‘லாகி’ என்றுதான் பெயர். நம் லட்சம் கப்பலேறிப் போனது.

இந்தியர் என்றால் எப்படிப் பார்க்கிறார்கள்?

கடைக்காரராக. குஜராத்திகள் தலைமுறை தலைமுறையாக அங்கே வணிகம் செய்கிறார்கள். ‘ம்ஹிண்டி’ என்றால் கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர் என்று ஊர் அறியும். அதே ம்ஹிண்டி டாலாடாலா வேனில் நெரிசலில் நின்றுகொண்டு, கையில் கீரைக்கட்டு வைத்திருப்பது முதலில் விளங்காத காட்சி. “உன் கடை எங்கே?” என்று என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். “கடை இல்லை, ஆசிரியர்” என்றதும் ‘ம்வாலிமு’ ஆகிவிடுவீர்கள். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயை இன்றும் அப்படித்தான், ஆசிரியர் என்றுதான், அழைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம்.

கேள்விகளும் வரும். ஒரு விவசாயி, “உங்கள் அரசு எங்கள் ம்பாஸியை வாங்காமல் ஏன் நிறுத்தியது?” என்று கேட்டார். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு அளவு விதித்ததும் அங்கே விலை சரிந்தது. இந்தியாவை நம்பிப் பயிரிட்டவர்கள் மூட்டையோடு உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு தென்காசியில் பருப்பு விலையைப் பற்றிப் பேசிய எனக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருப்பது தெரியாது. இன்னொருவர், இந்தியாவில் படிக்கப் போன தன் மகனுக்கு நிறத்தைச் சொல்லி வீடு தர மறுத்தார்கள் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை; மன்னிப்புக் கேட்டேன். “போலே” என்றார் அவர். பிறர் துன்பத்துக்கு வருந்திச் சொல்லும் சொல் அது. அவர் அதை எனக்குச் சொன்னார்.

போகும் முன் உங்கள் வீட்டிலும் “ஆப்பிரிக்காவா?” என்று மூக்கைச் சுளிப்பார்கள். அதை அங்கே மூட்டையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வேலை எப்படி இருக்கும்?

என்னை வரவழைத்த அமைப்பு சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. கால அட்டவணையில் என் பெயரே இல்லாமல் ஆறு வாரம் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தேன். எரிச்சலில் இரண்டு முறை கடிதம் எழுதிக் கிழித்தேன். அந்த ஆறு வாரம் வீண் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அங்கே தொடக்கப் பள்ளி முழுவதும் சுவாஹிலி வழி. உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்ததும் ஆங்கில வழி. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதல் நாள் ஆங்கிலத்தைச் சந்தித்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியும். என் முதல் வகுப்பில் எழுபது பேர். பலகையில் ஆங்கிலத்தில் ‘டிரையாங்கிள்’ என்று எழுதினேன், அசைவில்லை. வரைந்து காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் தனக்குள் முனகினான்: “பெம்பெடாட்டு.” பெம்பே என்றால் மூலை, டாட்டு மூன்று. முக்கோணம்! நான் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி அடியில் கோடிட்டதும் வகுப்பு மொத்தமும் மூச்சு விட்டது. அதன் பிறகு எந்தப் பாடத்தையும் சுவாஹிலிச் சொல்லில் தொடங்கித்தான் ஆங்கிலத்துக்குப் போனேன். தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வு ஆங்கிலத்தில்தானே என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பாதுகாப்பு?

திருட்டைவிடச் சாலை ஆபத்தானது. போடாபோடாவில் ஏறினால் தலைக்கவசம் கேளுங்கள்; இரவில் ஏறவே வேண்டாம். பெண்களுக்கு: கடற்கரை ஊர்களில் முஸ்லிம்கள் அதிகம், தோளும் முழங்காலும் மறைந்திருந்தால் போதும். சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு நிம்மதியாக நடந்தேன். மேலே ஒரு காங்காத் துணி போர்த்திக்கொண்டால் பாட்டிகள் கூப்பிட்டு அதில் அச்சிட்டிருக்கும் பழமொழியைப் படித்துச் சொல்வார்கள். வாங்கும் முன் அர்த்தம் கேட்டுக்கொள்ளுங்கள். என் முதல் காங்காவில் அண்டை வீட்டாரைக் குத்திக்காட்டும் வாசகம் இருந்தது.

தனிமையாக இருக்காதா?

மாலை ஏழரைக்குப் பிறகு இருக்கும். சட்டென்று இருட்டிவிடும், தெரு அடங்கிவிடும். ஊருக்குத் தொலைபேசினால் அங்கே மணி பத்து, இரண்டரை மணி நேர வித்தியாசம். அம்மா தூக்கக் கலக்கத்தில் பேசுவார்.

எனக்கு அந்தத் தனிமை தணிந்தது ஒரு சாவு வீட்டில். உடன் வேலை பார்த்தவரின் தந்தை இறந்துவிட்டார். பழக்கமில்லாத வீடு, போகலாமா என்று தயங்கினேன். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று வளர்ந்தவள் என்பதால் போனேன். பெண்கள் பாயில் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அரிசியில் கல் பொறுக்கக் கொடுத்தார்கள். யாரும் என்னோடு பேசவில்லை, பேச வேண்டியும் இருக்கவில்லை. மறுநாள் முதல் சந்தையில் என் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அங்கும் மொய் உண்டு, ‘ம்சாங்கோ’ என்று. நம்மூரில் கல்யாணத்தன்று எழுதுவார்கள். அங்கே கல்யாணத்துக்கு முன்பே அட்டை கொடுத்து வசூலிப்பார்கள். மாத உதவித்தொகையில் அதற்கென்று ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

காகித வேலை என்னென்ன?

சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வப் பணி செய்வது சட்டமீறல். நீண்ட காலம் என்றால் ‘சி’ வகுப்புக் குடியிருப்பு அனுமதி. வரவழைக்கும் அமைப்புதான் விண்ணப்பிக்க வேண்டும். அது கையில் வருவதற்கு முன் வேலையை விடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பட 10 நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். கென்யா, எத்தியோப்பியா வழியாக விமானம் மாறுகிறவர்களுக்கு அந்த அட்டை மிக முக்கியம். அது இல்லாமல் நோய் அபாயமுள்ள நாட்டிலிருந்து இந்தியாவில் வந்திறங்கினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது.

உங்களிடமே பெருந்தொகை கேட்டு ‘இரண்டு வாரம் அநாதை இல்லத்தில் சேவை’ என்று அழைப்பவர்களை நம்பாதீர்கள். பிள்ளைகளைக் காட்டிப் பிழைக்கும் கூட்டம் அதில் உண்டு. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பிக்கக் காசு வாங்குவதில்லை. வாழ்க்கைச் செலவுக்கு அவர்களே தருகிறார்கள்.

என்னென்ன எடுத்துப் போகலாம்?

பெருங்காயம், உளுந்து, பிளக் மாற்றி, மூக்குக் கண்ணாடி அணிபவரானால் இரண்டாவது ஜோடி. எதையும் பிளாஸ்டிக் கைப்பையில் கட்டாதீர்கள். 2019 ஜூன் 1 முதல் அங்கே அதற்குத் தடை, விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். ஊறுகாயைச் சுற்றத் துணிப்பை போதும்.

குடும்பப் படம் ஒன்றை அச்சிட்டு எடுத்துப்போங்கள். செல்பேசிப் படம் போதாது. “இது யார், பெரிய அம்மாவா, சின்ன அம்மாவா?” என்று விரல் வைத்துக் கேட்பார்கள்; பிறகு படம் கைமாறிக் கைமாறி அடுக்களைக்குப் போகும். என்னுடையது திரும்பி வந்தபோது சித்தியின் முகத்தில் தேங்காயெண்ணெய் ரேகை ஒன்று படிந்திருந்தது.